இலண்டன் கோப்பிக் கடை ஒழுங்கைகளிலே

இலண்டன் மாநகரைக் காணச் செல்வோர் தேம்ஸ் நதியின் பாலங்களையும், அரண்மனை வாயிலிலே காவலர் மாறும் காட்சியையும், பிரித்தானிய நூதனசாலையையும் கண்டு மகிழ்ந்து திரும்புவது வழக்கம். நாமும் அவற்றையெல்லாம் கண்டோம். ஆயினும் இம்முறை நாம் அந்நகருக்கு ஒரு கேள்வியையும் உடன் கொண்டு சென்றிருந்தோம். அது எமது மருமகனின் கேள்வி.

நல்லூரிலே எமது தமக்கையார் வீட்டின் முன்மண்டபம் பல்லாண்டுகளாக வெறுமையாகக் கிடக்கின்றது. பிள்ளைகளிற் பலர் வெளிநாடு சென்றுவிட்டனர். எஞ்சியிருக்கும் இளைய மருமகன் கணினித் தொழில் பயின்றவன். அம்மண்டபத்திலே பத்து மேசைகளை இட்டு, இணைய இணைப்பும் மின்பிறப்பாக்கியும் அமைத்து, தனியே தொழில் செய்யும் இளைஞர்கள் நாள் வாடகைக்கோ மாத வாடகைக்கோ வந்திருந்து வேலை செய்யத்தக்க பொதுப் பணிக்கூடம் ஒன்றைத் திறக்கவேண்டுமென்பது அவனது ஆசை. ஆனால் மண்டபத்தின் திறப்பு அத்தானிடம் இருக்கின்றது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எதனையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை.

"கடை வைக்கிறவனுக்குச் சரக்குத் தெரியவேணும். பள்ளிக்கூடம் வைக்கிறவனுக்குப் படிப்பு வேணும். மேசையும் கதிரையும் போட்டு வைக்கிறதுக்கு உன்னட்டை என்ன தகுதி இருக்குது? ஆர் உன்னை நம்பி வருவினம்?" என்று அவர் கேட்டார். மருமகனால் மறுமொழி கூற முடியவில்லை. நாம் பயணம் புறப்பட்ட அன்று படலை வரையும் வந்து, "மாமா, இதுக்கு எங்கையாவது ஒரு சேட்டிபிக்கற் குடுக்கினமோ எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பினான்.

பலர் ஒரே கூரையின் கீழ் இருந்து தத்தம் தொழிலைச் செய்யும் இத்தகைய கூடங்களை இக்காலத்தவர் 'கோவேர்க்கிங்' என்று அழைக்கின்றனர். அமெரிக்காவிலே சன்பிரான்சிஸ்கோ நகரில் பிராட் நியூபேர்க் என்னும் கணினி வல்லுநர் 2005 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இப்பெயருடன் ஒரு கூடத்தைத் தொடங்கினார். வாரத்தில் இரண்டு நாள்களுக்கு இடத்தைப் பெற்று, மடிக்கும் மேசைகளை விரித்துக் காத்திருந்தாராம். முதல் மாதத்தில் ஒருவரும் வரவில்லையாம். அதே ஆண்டில் இலண்டனின் இஸ்லிங்ரன் பகுதியிலும் இத்தகைய கூடமொன்று எழுந்தது. பெயர் புதிது, வழக்கமோ மிகப் பழையது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இலண்டன் வணிகர் இவ்வாறு கூடியிருந்து தொழில் செய்தனர் என்பதை நாம் அறிந்திருந்தமையால், அவ்விடத்தையே சென்று பார்ப்போம் என்று எண்ணி, ஒரு காலை வேளையில் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ஏறி 'பாங்க்' என்னும் நிலையத்தில் இறங்கினோம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒருபுறம் இங்கிலாந்து வங்கியும் மறுபுறம் பெருந்தூண்களையுடைய றோயல் எக்ஸ்சேஞ் மாளிகையும் காட்சி தருகின்றன. அருகிலே செல்லும் கோண்ஹில் வீதியிலிருந்து பல சிற்றொழுங்கைகள் பிரிகின்றன. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சற்று ஒதுங்கி நிற்கவேண்டிய அளவுக்குச் சில ஒடுக்கமானவை. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலி ஒழுங்கைகளில் நடந்து பழகிய எமக்கு அவற்றிலே வழி கண்டுபிடிப்பது அத்துணைக் கடினமாக இருக்கவில்லை.

சென் மைக்கல் ஒழுங்கை என்பது அவற்றுள் ஒன்று. அங்கே செங்கல் நிறத்தில் ஒரு பழைய மதுச்சாலை நிற்கின்றது. இலண்டனின் முதலாவது கோப்பிக் கடை 1652 ஆம் ஆண்டில் இவ்விடத்திலேயே இருந்தது. அதனை நடத்தியவர் பஸ்குவா ரோசே என்பவர். அவர் செல்வரல்லர், துருக்கியருடன் வாணிகஞ் செய்த டானியேல் எட்வேட்ஸ் என்னும் வணிகரின் பணியாள். எசமானின் வீட்டிலே அவர் காய்ச்சிய கோப்பியைப் பருக நாள்தோறும் நண்பர்கள் திரண்டு வந்து வீட்டுக்காரரின் வேலையைக் கெடுத்தமையால், வெளியே ஒரு கடை வைத்துக் கொடுத்தனர் என்பது வரலாறு.

அக்கடையைப் பின்பற்றி நகரெங்கும் கோப்பிக் கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்து உள்ளே நுழைபவர் நெருப்பருகே அமரலாம், செய்தித்தாள்களைப் படிக்கலாம், கடிதம் எழுதலாம், வழக்கறிஞரையோ வணிகரையோ சந்திக்கலாம். இக்காரணத்தால் அவற்றைப் 'பென்னிப் பல்கலைக்கழகங்கள்' என்றும் அழைத்தனர். மக்கள் இவ்வாறு கூடிப் பேசுவது அரசியலுக்கு ஆபத்து என்று அஞ்சிய இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1675 ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் கோப்பிக் கடைகளை மூடுமாறு கட்டளை பிறப்பித்தார். ஊரவரின் எதிர்ப்பைக் கண்டு, சில நாள்களிலேயே அதனை மீளப் பெற்றுக்கொண்டார்.

அங்கிருந்து தெற்கே திரும்பினால் லொம்பாட் வீதி. வங்கிகளுக்குப் பேர்போன வீதி அது. சுவர்களிலிருந்து நீண்ட இரும்புச் சட்டங்களிலே வெட்டுக்கிளியும் நங்கூரமும் பூனையும் வயலினும் பொறித்த பழைய பாணி விளம்பரச் சின்னங்கள் இன்றும் தொங்குகின்றன. அவற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால், லொயிட் கோப்பிக் கடை இருந்த இடம் இதுவெனக் கூறும் சிறு பலகையைக் காணாமற் போய்விடுதல் எளிது. நாமும் முதன்முறை அதனைக் கடந்து சென்று, பின்னர் திரும்பி வந்தே கண்டோம்.

எட்வேட் லொயிட் முதலிற் கடை வைத்திருந்த இடம் இதுவன்று. கோபுரக் கோட்டைக்கு அண்மையிலுள்ள ரவர் வீதியிலே அவர் கடை இருந்தது. அக்கடையைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 1689 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து 'இலண்டன் கசெற்' இதழிலே காணப்படுகின்றது. அது ஒரு களவு பற்றிய விளம்பரம். டார்பி என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து ஐந்து கடிகாரங்கள் திருட்டுப் போயின. அவற்றைப் பற்றித் தகவல் தருவோர் ரவர் வீதியிலுள்ள லொயிட்டின் கோப்பிக் கடைக்கு வந்தால் ஒரு கினி பரிசு பெறலாம் என்பது அதன் சாரம்.

இச்சிறு விளம்பரத்தைப் பற்றி நாம் அவ்வீதியோரத்தில் நின்று நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். தொலைதூரத்து மனிதர் ஒருவர் தமது பொருளைப் பற்றிய செய்தியை எவரிடம் ஒப்படைப்பது என்று யோசித்து, ஒரு கோப்பிக் கடைக்காரரின் முகவரியைத் தெரிவு செய்கின்றார். செய்தி வந்தால் அவர் மறைக்கமாட்டார். கடிகாரம் வந்தால் அது உரியவரைச் சென்று சேரும் என்ற நம்பிக்கை அங்கே இருந்திருக்கவேண்டும் அன்றோ? லொயிட் என்பவரைப் பற்றி உலகம் முதன்முதலாக அறிந்துகொள்ளும் செய்தியே, பிறர் அவரை நம்பினர் என்பதுதான்.

1691 ஆம் ஆண்டில் லொயிட் தமது கடையை லொம்பாட் வீதிக்கு மாற்றினார். தலைமைத் தபாற் கந்தோர் அக்காலத்தில் அவ்வீதியிலேயே இருந்தது. கப்பற் கடிதங்கள் வந்து சேருமிடத்துக்கு அருகிலே கடை இருப்பது, கப்பலோட்டிகளும் கப்பற் சொந்தக்காரரும் ஆகிய அவருடைய வாடிக்கையாளருக்குப் பெரிதும் உதவியாயிற்று. அவர்களுக்குக் காகிதமும் பேனாவும் மையும் கொடுத்தார். துறைமுகங்களிலே தமக்குச் செய்தி அனுப்புவோரை ஏற்படுத்திக்கொண்டார். எந்தக் கப்பல் வந்தது, எது புறப்பட்டது, எது இன்னும் வரவில்லை என்பவற்றை அறிவிப்பதற்குக் கடையினுள்ளே ஒரு மேடையை அமைத்தார். அங்கே மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக் கப்பல்களை ஏலம் விட்டனர். திரி அணையும் வேளையிலே இறுதியாகக் கேட்ட விலைக்குக் கப்பல் உரியதாகும்.

லொயிட் கப்பல் வாணிகரல்லர், காப்புறுதி செய்பவருமல்லர். கோப்பி விற்பதே அவர் தொழில். ஆயினும் கப்பலுக்கும் சரக்குக்கும் காப்புறுதி எழுதும் வணிகர்கள் வேறெங்கும் செல்லாமல் அவருடைய மேசைகளையே நாடி வந்தனர். அங்கே கிடைக்கும் செய்தி மெய்யானது. கடைக்காரர் ஒருவருக்குச் சார்பாகவும் மற்றவருக்கு எதிராகவும் நடப்பதில்லை. காப்புறுதித் தொழிலில் தாம் இறங்காமல் இருந்தமையே, எல்லாத் தரப்பினரும் அவரை நம்புவதற்குக் காரணமாயிற்று எனலாம்.

தவறு அவருக்கும் நேர்ந்தது. 1696 ஆம் ஆண்டில் 'லொயிட் செய்தி' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். பாராளுமன்ற நடவடிக்கை பற்றிய ஒரு செய்தி பிழையாக வெளிவந்து பிரபுக்கள் சபையின் கோபத்துக்கு ஆளானமையால், 1697 ஆம் ஆண்டிலே அது நின்றுபோயிற்று. 1713 ஆம் ஆண்டில் லொயிட் காலமானார். அவர் வளர்த்த கடற்செய்தி மரபு நிலைத்து, 1734 ஆம் ஆண்டில் 'லொயிட்ஸ் லிஸ்ற்' என்னும் பத்திரிகையாக மலர்ந்தது. 2013 ஆம் ஆண்டுடன் காகிதத்தில் அச்சிடுவதை நிறுத்திய அவ்விதழ், இன்று இணையத்திலே வெளிவருகின்றது.

பெயர் நிலைத்தது, ஆனால் நம்பிக்கை தானாக நிலைக்கவில்லை. 1760 ஆம் ஆண்டுகளிலே சூதாடிகள் அக்கடையை நிறைத்தனர். நோயுற்றிருக்கும் பெரிய மனிதர் எப்போது இறப்பார் என்பதன்மீதும் காப்புறுதி என்ற பெயரிலே பந்தயம் கட்டினர். நேர்மையான வணிகர் இதனைக் கண்டு மனம் வெறுத்தனர். 1769 ஆம் ஆண்டில் அக்கடையிலே பரிமாறுபவராக இருந்த தோமஸ் பீல்டிங் என்பவர் அருகிலுள்ள போப்ஸ் ஹெட் ஒழுங்கையில் 'புதிய லொயிட் கடை' ஒன்றைத் திறக்க, வணிகர் பலர் அவர் பின்னே சென்றுவிட்டனர். அந்த ஒழுங்கை இன்றும் லொம்பாட் வீதிக்கும் கோண்ஹில்லுக்கும் இடையே இருக்கின்றது. நாம் அதனை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தோம். அதற்கு மிகச் சில நிமிடங்களே சென்றன. பழைய கடைக்குப் பெயரும் இடமும் இருந்தன. பரிமாறியவரிடம் மதிப்பு இருந்தது. வாடிக்கையாளர் இரண்டாவதையே தெரிந்துகொண்டனர்.

1771 ஆம் ஆண்டில் அவ்வணிகருள் 79 பேர் தலைக்கு 100 பவுண் வீதம் வைப்பிலிட்டு, தமக்குள்ளே ஒரு குழுவையும் தெரிந்தெடுத்தனர். 1774 ஆம் ஆண்டில் றோயல் எக்ஸ்சேஞ் மாளிகைக்குச் சென்றனர். கடைக்காரரின் கூடம் அன்று முதல் கூடியிருப்போரின் கூடமாயிற்று.

அதன் இன்றைய இல்லத்தைக் காண, இரும்புக் கூரையிட்ட லெடன்ஹோல் சந்தையினூடாக நடந்து லைம் வீதியை அடைந்தோம். கட்டடக் கலைஞர் றிச்சட் றோஜர்ஸ் வகுத்து 1986 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் குழாய்களும் படிகளும் மின்னுயர்த்திகளும் வெளிப்புறத்திலேயே அமைந்திருக்கின்றன. அங்கே தொழில் செய்யும் அன்பர் ஒருவர் எம்மை உள்ளே அழைத்துச் சென்றார். வாயிலிலே நீண்ட அங்கி அணிந்து நிற்கும் ஊழியரை இன்றும் 'பரிமாறுவோர்' என்றே அழைக்கின்றனர். காப்புறுதி எழுதுவோரின் இருக்கைகள் கோப்பிக் கடை மேசைகளை நினைவூட்டுகின்றன. நடுவே லூரீன் என்னும் கப்பலின் மணி தொங்குகின்றது. பெருந்தொகைப் பொன்னுடன் 1799 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஒல்லாந்துக் கரைக்கு அப்பால் மூழ்கிய கப்பல் அது. லொயிட்ஸ் வணிகர் அந்நட்டத்தை முழுமையாகச் செலுத்தினர். 1858 ஆம் ஆண்டில் மீட்கப்பட்ட மணியை, கெட்ட செய்திக்கு ஒரு முறையும் நல்ல செய்திக்கு இரு முறையும் ஒலிப்பது வழக்கமாயிற்று. செய்தி எதுவாயினும் எல்லாருக்கும் ஒரே வேளையில் தெரியவேண்டும் என்பதே அதன் கருத்து. இன்று விசேட வேளைகளில் மட்டுமே அது ஒலிக்கின்றது. அருகிலே, மூழ்கிய கப்பல்களின் பெயர்களை இறகுப் பேனாவினால் எழுதும் பெரும் புத்தகம் விரிந்து கிடக்கின்றது.

அப்புத்தகத்தின் முன்னே நின்றபோது எமது மனம் வேறொன்றையும் எண்ணிற்று. ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் இம்மேசைகளிலே காப்புறுதி எழுதினர். மனிதரையே சரக்காகக் கணக்கிட்டனர். 2020 ஆம் ஆண்டில் லொயிட்ஸ் நிறுவனம் இதற்காக மன்னிப்புக் கேட்டது. இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள மின்சிங் ஒழுங்கையிலே எமது மலையகத் தேயிலையும் நெடுங்காலம் விலை பேசப்பட்டது. இலண்டன் தேயிலை ஏலம் 1998 ஆம் ஆண்டிலேதான் முடிவுற்றது. கொழுந்து கொய்த கைகளுக்குரியோர் அந்த அறையை ஒருபோதும் கண்டதில்லை. ஓர் அறையினுள்ளே இருப்போர் ஒருவரையொருவர் நம்புவது மாத்திரம் போதாது; அங்கே நடப்பது அறைக்கு வெளியே இருப்போருக்குத் தீங்கு செய்யாதிருத்தலும் வேண்டும் என்பதை அக்கூடத்திலிருந்தே கற்றுக்கொண்டோம்.

மறுநாள் கிளார்க்கின்வெல் பகுதியிலே இக்காலத்துப் பணிக்கூடம் ஒன்றுக்குச் சென்றோம். முப்பதளவான மேசைகள் உள்ள சாதாரண கூடம் அது. அதனை நடத்தும் அம்மையார் முன்னர் விடுதி ஒன்றிலே வரவேற்பாளராக இருந்தவர். மருமகனின் கேள்வியை அவரிடம் அப்படியே கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, இதற்கெனத் தனிப் பட்டமோ உரிமமோ தமது நாட்டிலே இல்லை என்றார். ஆனால் சட்டம் சும்மா விடுவதில்லை. தீப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் அவரே என்று 2005 ஆம் ஆண்டுக் கட்டளை கூறுகின்றது. ஊழியர் இருந்தால் அவர்களுக்குக் காப்புறுதி கட்டாயம். கட்டடம் வாடகைக்கு எடுத்ததாயின் பிறருக்கு இடங்கொடுக்கும் உரிமை உடன்படிக்கையிலே எழுத்தில் இருக்கவேண்டும்.

"இவை வாசலைத் திறப்பதற்கு. ஆட்கள் திரும்ப வருவது வேறு காரியங்களால்" என்றார் அவர். தாம் சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறத்தல். இணைப்பு அறுந்தால் ஒளிக்காமல் உடனே அறிவித்தல். ஒருவரின் கணினித் திரையிலே கண்டதை மற்றவரிடம் கூறாதிருத்தல். விலகிச் செல்வோரின் முற்பணத்தைச் சொன்ன நாளிலே கொடுத்தல். புதிதாக வருபவரை அவருக்கு உதவக்கூடிய ஒருவரிடம் அறிமுகஞ் செய்தல் என அவர் விரல் மடித்து எண்ணினார். புதிதாக இடம் பார்க்க வருவோரிடம் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லையாம். ஏற்கெனவே அங்கு வேலை செய்யும் ஒருவரைக் காட்டி, "அவரிடம் கேளுங்கள்" என்பாராம். அவருடைய மேசையின் கீழே ஒரு பெட்டி இருந்தது. மறந்து விட்டுச் சென்ற குடைகள், கண்ணாடிகள், மின்னேற்றும் கம்பிகள் ஆகியவை நாட் குறித்த துண்டுகளுடன் அதிலே இருந்தன. எமக்கு ரவர் வீதிக் கடிகாரங்கள் நினைவுக்கு வந்தன.

இத்துறையிலே பெரும் பணமும் பெரும் புகழும் பெற்று விழுந்தோரும் உளர். 2010 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே தொடங்கிய வீவேர்க் கம்பனியின் மதிப்பை 2019 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 4,700 கோடி டொலர் என்றனர். அவ்வாண்டிலேயே பங்குச் சந்தையில் நுழைவதற்காகத் தன் கணக்குகளைப் பொதுமக்களுக்குக் காட்டவேண்டி வந்தபோது, பெருநட்டமும் நிருவாகக் குறைகளும் வெளிப்பட்டன. நுழைவு கைவிடப்பட்டது, தலைவர் விலகினார். 2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அக்கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. 2024 ஆம் ஆண்டில் அதிலிருந்து மீண்டு சுருங்கிய அளவிலே தொழிலைத் தொடர்ந்தது. அழகிய நாற்காலிகளும் கண்ணாடிச் சுவர்களும் அதனிடம் குறைவாக இருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நல்லூர் வீட்டு விறாந்தையிலே இவற்றையெல்லாம் அத்தானிடம் கூறினோம். மருமகன் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அத்தான் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அப்ப சேட்டிபிக்கற் குடுக்கிறது, வந்து இருக்கிற ஆக்கள்தான் எண்டு சொல்லுறீர்" என்றார். "ஓம் அத்தான். அதையும் ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கவேணும்" என்றோம்.

அவர் எழுந்து உள்ளே சென்று மண்டபத்துத் திறப்பைக் கொண்டுவந்தார். ஆறு மாத தவணை. வியாபாரப் பதிவும் உள்ளூராட்சி சபையின் அனுமதியும் முறைப்படி பெறவேண்டும். தீயணைக்கும் கருவி வைக்கவேண்டும். வாங்கும் முற்பணத்துக்கு அன்றன்றே பற்றுச்சீட்டு எழுதவேண்டும் என்று ஆசிரியருக்குரிய முறையிலே நிபந்தனைகளை விதித்தார். "ஒருத்தரும் வராட்டிக் கதவைப் பூட்டிப்போட்டுப் போயிடாதை தம்பி. சொன்ன நேரத்துக்குத் திறந்து வைச்சிரு" என்றும் சொன்னார்.

முதல் மூன்று வாரங்கள் ஒருவரும் வரவில்லை. அத்தானே காலையில் ஒரு மேசையில் அமர்ந்து பத்திரிகை படித்தார். இதனை எழுதும் வேளையிலே நான்கு பேர் ஒழுங்காக வருகின்றனர். சென்ற வெள்ளிக்கிழமை மாலையில், கணக்கு வேலை செய்யும் பெண்பிள்ளை ஒருத்தி தனது மடிக்கணினியை மேசையிலே வைத்துவிட்டு, "அண்ணை, இது இஞ்சையே இருக்கட்டும். திங்கட்கிழமை வந்து எடுக்கிறன்" என்று கூறிச் சென்றாளாம். மருமகன் இரவிலே எம்மைத் தொலைபேசியில் அழைத்து இச்செய்தியைச் சொன்னான். அவனுடைய குரலிலே இருந்த மகிழ்ச்சியைக் கேட்டபோது, அவன் கேட்ட சேட்டிபிக்கற் அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று அறிந்துகொண்டோம்.